மூளைக்கு ஒரு தவிப்பு, கைக்கு ஒரு தவிப்பு

காலை ஆறு மணிக்கு, டீக்கடைப் பாய்லர் சூடேறுவதற்குள் அவர் வந்துவிடுவார். லோடு ஆட்டோ ஓட்டுபவர், ஐம்பதைத் தொடும் வயது. “மாஸ்டர், ஒரு காபி” என்று குரல் கொடுக்கும்போதே பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டிவிடுவார். எந்த பிராண்ட் என்று கேட்பதில்லை. கயிற்றில் தொங்கும் லைட்டரை இழுத்துப் பற்றவைத்து, முதல் இழுப்பை உள்ளே வாங்கியதும் அவர் கண் தானாக மூடும், தோள் தளரும். “இப்பத்தான் சார் எனக்கு விடிஞ்சுது” என்பார்.

அந்த இழுப்புக்கும் தோள் தளர்வதற்கும் நடுவே பத்து இருபது வினாடிதான். அதற்குள் நிகோடின் நுரையீரலில் இறங்கி, ரத்தத்தில் ஏறி, மூளையைத் தொட்டுவிடுகிறது. அங்கே அதைப் பிடித்துக்கொள்ளவென்றே ஏற்பிகள் காத்திருக்கின்றன. அவை நிரம்பினால் டோபமின் சுரக்கும், மனம் லேசாகும். ஆனால் ரத்தத்தில் ஏறிய நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழுபவரின் மூளை, காலையில் பட்டினி கிடந்த வயிறு மாதிரி.

அதனால்தான் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஃபேகர்ஸ்ட்ரோமின் பெயரால் வழங்கும் சோதனையில், எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்ற கேள்விக்கு அவ்வளவு எடை. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பத்துக்கு மூன்று மதிப்பெண் அந்த ஒரே பதிலுக்கு. மொத்தம் கூடக் கூட, அடிமைத்தனமும் கூடுதல்.

“ரெண்டே இழுப்பு, தூக்கிப் போட்டுடறேன்” என்பவர்கள் ஏன் அடிவரை இழுத்துவிடுகிறார்கள்? லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஓரிரு இழுப்பிலேயே பாதி ஏற்பிகள் நிரம்பிவிட்டன. ஆனாலும் தவிப்பு தணிந்தது, ஒரு சிகரெட் முழுவதும் முடிந்து 88 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய பிறகுதான்.

நிகோடின் இல்லாமலே அடங்கிய தவிப்பு

இன்றைய இ-சிகரெட் 2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக்கின் கையில் பிறந்தது. அவரே கடும் புகைப்பழக்கக்காரர். பேட்டரி சூட்டில் நிகோடின் கலந்த திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் கருவி அது. புகையிலை எரிவதில்லை என்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை.

தினசரி புகைப்பவரின் தவிப்பை அது அடக்குமா? 2010இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 40 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் இரவிலிருந்து புகைக்காமல் வரவேண்டும். ஒரு நாள் நிகோடின் உள்ள இ-சிகரெட், ஒரு நாள் நிகோடின் இல்லாதது, ஒரு நாள் மருந்துக்கடை நிகோடின் இன்ஹேலர், ஒரு நாள் வழக்கமான சிகரெட். சிகரெட் பிடித்த நாளில் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் நிகோடின் உச்சம் 13.4 நானோகிராம், இ-சிகரெட்டில் வெறும் 1.3. பத்தில் ஒரு பங்கு! ஆனாலும் தவிப்பு, நிகோடின் இல்லாத கருவியைவிட இதில் கூடுதலாகத் தணிந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் 32 பேரிடம் நடந்த சோதனை இன்னும் விசித்திரம். அன்றைய இரண்டு வகை இ-சிகரெட்டும் அளவிடத்தக்க நிகோடினை ரத்தத்தில் ஏற்றவே இல்லை. தவிப்போ குறைந்தது.

கணக்குப் போட்டால் இதில் அதிசயமில்லை. நாளுக்கு இருபது சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்றால் நாளுக்கு 200, வருடத்துக்கு 73,000. அத்தனை முறை கை உதட்டுக்குப் போயிருக்கிறது, தொண்டை அந்தப் பிடிப்பை உணர்ந்திருக்கிறது. நமநமப்பது மூளை மட்டுமல்ல. விரலும் வாயும் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. இ-சிகரெட் அந்தக் கணக்கையும் தீர்க்கிறது.

நிகோடின் குறை வெகுநாள் நீடிக்கவில்லை. 2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் என்ற இ-சிகரெட், நிகோடினுடன் பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கியது. தொண்டையை எரிக்காமல் அதிக நிகோடின் இறங்கியது. சிகரெட்டையே தொட்டிராத பள்ளிப் பிள்ளைகளும் அதில் விழுந்தார்கள்.

விட்டது எது, விடாதது எது

2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுதான் இ-சிகரெட்டால் புகைப்பதை நிறுத்த முடியுமா என்ற விவாதத்தின் மையம். சிகரெட்டை விட முயன்ற 886 பேரில் பாதிப் பேருக்கு இ-சிகரெட், மீதிப் பேருக்கு கம், தோலில் ஒட்டும் பட்டை போன்ற நிகோடின் மாற்றுகள். ஓராண்டு கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் அணியில் 18 சதவீதம், இரண்டாவதில் 9.9. ஏறக்குறைய இரட்டிப்பு.

அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற அணியில் மாற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். தவிப்புக்கு இ-சிகரெட் நல்ல தீனி போடுகிறது. அதனாலேயே தவிப்பு சாவதில்லை. புகையோடு ஒப்பிட்டால் நச்சு குறைவு என்பதால் புற்றுநோய்க்கு அஞ்சுபவருக்கு இது லாபக் கணக்கு. ஆனால் இ-சிகரெட் ஒரு கையில், சிகரெட் மறு கையில் என்று இரண்டையும் வைத்திருப்பவருக்கு அந்த லாபமும் இல்லை.

இந்தியாவில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. இ-சிகரெட்டைத் தமிழ்நாடு 2018இல் தடைசெய்தது. மறுவருடம் மத்தியச் சட்டம் வந்தது. விற்றால் முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம். சிகரெட்டும் பீடியும் மட்டும் பெட்டிக்கடையில் அப்படியே இருக்கின்றன.

ஆட்டோக்காரருக்கு எஞ்சியிருப்பது நிகோடின் சூயிங்கம். ஒருமுறை வாங்கி, “மிளகு மாதிரி காரமா இருக்கு சார்” என்று துப்பிவிட்டார். மென்ற முறை தவறு. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். காபி, சோடா, பழச்சாறு குடித்த பதினைந்து நிமிடத்துக்குள் போட்டால் வாயின் புளிப்பு நிகோடினை உள்ளே விடாது. புகைவிட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச தேசிய உதவி எண்ணும் உண்டு.

போன வாரம் பார்த்தேன். காபி கிளாஸ் காலி, சிகரெட் இல்லை. மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு, அப்புறம் கம் போடணும்” என்றார். தவிப்பு என்பது சில நிமிடங்கள் எழும்பி அடங்கும் அலை. அந்தக் காத்திருப்பிலேயே ஓர் அலை கடந்திருக்கும் என்றேன்.

“மூளைக்கு அது சரி சார்” என்றார், காலி கிளாஸை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே. “இந்தக் கையை என்ன பண்றது?”