மலைச்சாலையில் கேமரா: ஊரைக் கேட்க வேண்டுமா?

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டினால்தான் கொல்லிமலையின் சோளக்காடும் செம்மேடும். இந்த மலைப்பாதையில் சிக்னல் விளக்கு கிடையாது. ஆனால் கண்காணிப்புக் கேமரா சிவப்பு விளக்கை மீறுகிறவரை மட்டும் பிடிப்பதில்லை. வேகம், ஹெல்மெட், சீட் பெல்ட், அளவுக்கு மீறிய பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது என்று பலவற்றுக்கும் அதைச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படியொரு கேமரா நாளை இந்த மலையில் வந்தால், வேண்டும் வேண்டாம் என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டா?

சட்டப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு, மின்னணுக் கண்காணிப்பை மாநில அரசின் கடமையாக்கியது. 2021-ல் வந்த 167ஏ விதி நடைமுறையைச் சொல்கிறது: கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகை வைக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தரச்சான்று வேண்டும், விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். மக்களிடம் வாக்கெடுப்பு என்ற பேச்சே அதில் இல்லை. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்தப் பிரிவைச் செயல்படுத்தும்படி உச்ச நீதிமன்றமும் மாநிலங்களை வலியுறுத்தி வருகிறது.

அமெரிக்காவில் வாக்கெடுப்பே நடந்திருக்கிறது. 2010 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகர வாக்காளர்கள் சிவப்பு விளக்குக் கேமராக்கள் வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டு ஒரு நீதிபதி அந்த வாக்கெடுப்பே செல்லாது என்றார். கேமராக்கள் திரும்ப ஓடின. சில வாரங்களில் நகர மன்றமே அவற்றை நிறுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ ஊரிலும் மக்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆனால் அந்த அதிகாரத்தைச் சட்டமன்றம் நகர மன்றத்துக்குத்தான் கொடுத்தது, வாக்காளருக்கு அல்ல என்று 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயும் விஷயம் கடைசியில் வந்து நின்றது அதிகாரம் யாருடையது என்பதில்தான்.

நம் ஊரில் வாக்காளர் நேரடியாகப் பேசும் இடம் கிராம சபை. அதன் சொல்லுக்குப் பலம் இருந்த நேரமும் உண்டு. 2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளையே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 12 சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அதற்குக் கைகொடுத்தது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் கொல்லிமலைக்கும் உண்டு, ஆனால் போக்குவரத்துக்குப் பொருந்தாது. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே எட்டாது. மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மையாக வாழும் மலை இது. என்றாலும் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே, தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அதில் சேர்க்கப்படவில்லை. இந்தக் குறை கேமராவைவிடப் பெரியது.

கேமராவே வேண்டாம் என்று தள்ளும் அதிகாரத்தை வாக்கெடுப்புக்குக் கொடுக்கக்கூடாது என்பதே என் கருத்து. வளைவில் எதிரே வருகிறவரின் உயிரை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாது. ஆனால் எந்த இடத்தில், எதற்காக வைப்பது என்பதை ஊரைக் கேட்காமல் முடிவு செய்வது தவறு. மலைச்சாலையின் ஆபத்து சமவெளி ஆபத்து அல்ல. பாரம் ஏற்றிய வண்டியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால், அழுத்தி அழுத்திச் சூடேறிய பிரேக் கடைசியில் பிடிக்காது. அது எந்தக் கேமராவுக்கும் தெரியாது. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லி நிறுத்தி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியையும் வெளியூர்க்காரர் பலர் மதிப்பதில்லை. இன்னொரு பக்கம், பஸ் இல்லாத வேளையில் பலாப்பழக் கூடையோடு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறிச் சோளக்காடு சந்தைக்குப் போகிறவரின் பயணத்தைக் கேமரா குற்றமாகப் பதிவு செய்யும். அது ஆபத்தான பயணம்தான். ஆனால் அபராதத்துக்கு முன்னால் அவருக்கு வேண்டியது ஒரு பஸ். இதைச் சொல்ல உள்ளூர் ஆளால்தான் முடியும்.

சொல்வதற்கு வழி இருக்கிறது. வளவந்தி நாடு, அரியூர் நாடு என்று எந்த ஊராட்சியானாலும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எந்த வளைவில் விபத்து அதிகம், எங்கே குவியாடி வேண்டும், எந்த நேரத்துக்கு பஸ் வேண்டும், கேமரா வைத்தால் எங்கே வைக்கலாம் என்று எண் போட்டு எழுதி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். அது குழுவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கோப்பில் ஏறிய தீர்மானத்தைக் காட்டிப் பதில் கேட்கலாம். 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும், கிராம சபைக் கூட்டங்கள் நிற்கவில்லை.

மலையில் கூட்டம் நெரிவது ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் வல்வில் ஓரி விழா நாட்களில். ஆகஸ்ட் 15 கிராம சபை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே இந்தத் தீர்மானத்தை மே 1 கூட்டத்திலேயே வைத்துவிட வேண்டும்.