அலபாமா கற்பிக்கும் பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய அலபாமாவின் 1901-ம் வருஷத்து அரசியல் சட்டம், வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்புக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடங்களே இருத்தல் வேண்டுமென்று விதித்தது. இத்தகைய பிரிவினை செல்லாதென்று 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனினும் அந்த ஷரத்து ஏட்டைவிட்டு அகலவில்லை.

அதை நீக்கும் திருத்தம் 2004-ல் ஜனங்களின் வோட்டுக்கு விடப்பட்டது. சுமார் 14 லட்சம் வோட்டுகளில், 2,000-க்கும் குறைந்த வித்தியாசத்தில் அது தோற்றது! காரணம் யாது? சர்க்கார் செலவில் கல்வி பெறும் உரிமை எவருக்குமில்லை என்று 1956-ல் சேர்த்த வாசகத்தையும் அத்திருத்தம் நீக்க முற்பட்டது. அவ்வாறாயின் நியாயஸ்தலங்கள் வரியை ஏற்றிவிடும் என்று எதிர்ப்பாளர் பீதி கிளப்பினர். வரிப் பயம் நீதியை வென்றது.

2012-ல் பிரிவினைச் சொற்களை மட்டும் நீக்கி, 1956-ம் வருஷத்து வாசகத்தை வைத்துக்கொள்ள முயன்றனர். இம்முறை கறுப்பர் தலைவர்கள் பலரே எதிர்த்தனர். சொல்லை அழித்து அநீதியை நிலைநிறுத்தும் தந்திரம் இது என்பது அவர்கள் வாதம். நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் திருத்தத்தை நிராகரித்தனர். 2022-ல் புதிதாகத் தொகுக்கப்பட்ட சட்டத்தை ஜனங்கள் அங்கீகரித்த பின்னரே அச்சொற்கள் ஒழிந்தன.

இவ்விரு தோல்விகளையும் ஒன்றாக எண்ணுதல் தவறு. முன்னது அச்சத்தால் விளைந்தது. பின்னது விழிப்பால் விளைந்தது என்பது நமது அபிப்பிராயம். திருத்தம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கைதட்டுவதும் பேதைமை, கல்லெறிவதும் பேதைமை. எதை நீக்குகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள் என்று எழுத்தெழுத்தாகப் படித்தறிதலே தேசத்தொண்டரின் முதற் கடமையாகும்.