பள்ளிக்கூடம் திறக்குது! எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது கடிதமா, கட்டிடமா?

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்தால் போதும். கடைத்தெருவில் நோட்டுக் கடையிலும் பை கடையிலும் கூட்டம் அலைமோதும். அதற்கு அடுத்தபடியாகக் கூட்டம் கூடும் இடம், தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகம்!

காலை 7 மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். கையில் பிறப்புச் சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு நகல்.

"அண்ணே, பையனுக்கு அந்தக் கான்வென்ட்டிலே ஒரு சீட்டு வேணும். நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

எம்.எல்.ஏ.வும் எழுதிக் கொடுப்பார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ஓட்டுப் போட்டவர் ஆயிற்றே! லெட்டர் பேடு, பச்சை மைக் கையெழுத்து, சீல் எல்லாம் ஜோராக இருக்கும்.

ஆனால் சட்டத்தில் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு?

சைபர்!

குலுக்கலுக்கு ஆள் தெரியாது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் 100-க்கு 25 இடங்களை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. இடத்தைவிட மனு அதிகமாக வந்தால் குலுக்கல்தான்.

குலுக்கல் சீட்டுக்கு எம்.எல்.ஏ.வையும் தெரியாது, மந்திரியையும் தெரியாது!

2025-ல் மத்திய அரசின் நிதி வருவதில் இழுபறி. அதனால் தமிழ்நாட்டில் இந்த 25 சதவீத சேர்க்கை ஜூனில் நடக்கவில்லை, அக்டோபரில்தான் தொடங்கியது. அப்போதும் எந்தக் கடிதத்தாலும் கதவைத் திறக்க முடியவில்லை.

நன்கொடை கேட்டால்? அதுவும் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகையைப் போல 10 மடங்கு வரை அபராதம் போடலாம். சேர்க்கைக்காகச் சின்னப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்தால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் ஒவ்வொரு தடவைக்கும் 50 ஆயிரம் வரை.

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. 2009-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் உள்ள கமிட்டிதான் அதை முடிவு செய்யும். கட்டணம் அதிகம் என்றால் புகார் போக வேண்டிய இடம் அது.

சரி, அரசுப் பள்ளிக்கூடம்? அங்கே கடிதமே தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி 8-ம் வகுப்பு வரை சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. இது தயவு இல்லை, உரிமை.

யார் வீட்டுச் சைக்கிள்?

பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் சைக்கிள் விழாக்கள் தொடங்கிவிடும். 11-ம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். எம்.எல்.ஏ. வருவார், மாலை விழும், போட்டோ எடுப்பார்கள்.

கொடுக்கிற கை அவருடையது. பணம்? அரசாங்கப் பணம். பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாமே அப்படித்தான். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும், அவர் வராவிட்டாலும், இவை வந்து சேர வேண்டியவை.

விழாவுக்கு எம்.எல்.ஏ. வருவதில் தப்பே இல்லை. வந்தவரை மேடையோடு அனுப்பிவிடுவதுதான் தப்பு. நாலு தாய்மார்கள் கூடி, "ஐயா, இப்படி ஒரு எட்டு வந்து பாருங்க" என்று கழிவறைப் பக்கம் அழைத்துப் போனால், அந்த ஒரு எட்டில் பாதி வேலை முடிந்துவிடும்!

3 கோடி எங்கே போகிறது?

அப்படியானால் எம்.எல்.ஏ.வால் என்னதான் முடியும்?

நிறைய முடியும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. 2021-22-ல் ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி!

இந்தப் பணம் எம்.எல்.ஏ. பையில் விழுவதில்லை. எந்த வேலை வேண்டும் என்று அவர் சிபாரிசு செய்வார். மாவட்டத்தில் கலெக்டர் அனுமதி தருவார். சென்னையில் மாநகராட்சி கமிஷனர். அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் எல்லாவற்றையும் இதில் கேட்கலாம்.

எம்.எல்.ஏ.வின் கையெழுத்துக்கு உண்மையான மதிப்பு இருப்பது இங்கேதான்!

ஆனால் இதே பணத்தில்தான் தெரு ரோடும் வர வேண்டும், பஸ் நிழற்குடையும் வர வேண்டும், உயர்கோபுர விளக்கும் வர வேண்டும். முதலில் கேட்டவருக்கு முதலில் போகும். வியாபாரிகள் சங்கம் விளக்கு கேட்கிறது, கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. 2022 ஆகஸ்டில், தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு கலெக்டரிடம் கொடுக்கும்படி எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்தப் பட்டியலில் தங்கள் பள்ளிக்கூடம் இருந்ததா என்று எத்தனை பெற்றோர் கேட்டார்கள்?

உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக்க வேண்டும், காலி இடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்பதெல்லாம் அரசு முடிவு செய்வது. அதற்குச் சட்டசபையில் எழுந்து கேள்வி கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ. தொகுதியில் யாரும் கேட்காததை அவர் சபையில் ஏன் கேட்கப் போகிறார்?

சுவர் சொல்லும் பாடம்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகின. பள்ளி திறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றும் வேலை சூடு பிடித்தது.

2021 டிசம்பர் 17. நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டிடங்களைச் சோதித்து, ஆபத்தானவற்றை இடிக்க உத்தரவு போனது.

இடித்தது சரி. இடித்த இடத்தில் புதிதாக எழும்பினால்தானே பிள்ளை உட்கார முடியும்? ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடந்தால் எந்த வாத்தியார் குரல் எந்தப் பிள்ளைக்குக் கேட்கும்?

மனு இப்படிப் போகட்டும்

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால், அது ஒரு ஆளின் மனு இல்லை, ஊரின் மனு.

"பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யுங்க" என்று எழுதினால் ஃபைல் தூங்கும். மொத்தம் எத்தனை பிள்ளைகள், எந்த அறை ஒழுகுகிறது, எந்தச் சுவர் எப்போது விரிசல் விட்டது, கழிவறை எத்தனை, அதில் தண்ணீர் வருவது எத்தனை என்று கணக்காக எழுத வேண்டும். இடம் அரசு பெயரில் இருக்கிறதா என்பதையும் பார்த்து வைப்பது நல்லது. ஒரு நகல் கலெக்டருக்கு, ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. கொடுத்த இடத்தில் எல்லாம் ரசீது வாங்க மறக்கக் கூடாது.

பதில் இல்லையா? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் செலவில், தொகுதி நிதி எந்தெந்த வேலைக்குப் போனது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சீட்டுக்காக எம்.எல்.ஏ. வாசலில் நிற்கிற அதே ஒரு மணி நேரத்தில் இந்த மனுவையும் கொடுத்துவிடலாம். தனியாக ஒரு நாள் லீவு போட வேண்டியதில்லை.

காலம் மட்டும் காத்திருக்காது. மனு, மதிப்பீடு, அனுமதி, டெண்டர் என்று மாதங்கள் ஓடும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது. ஏற்கெனவே ஊறிய சுவர் இன்னும் ஊறும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்திலேயே மனு போனால்தான், இந்த மழைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மழைக்காவது பிள்ளைகள் நனையாமல் படிக்கலாம்!