சங்கிலி பிடித்தவர்களின் திருநாள்

கல்லாவிப் பக்கத்துக் குடியானவர் எவரைக் கேட்டாலும், தம் நிலத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கல்லை நட்ட அளவைத் தொழிலுக்கென்று நம் தேசத்தில் ஒரு நாள் உண்டென்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவர்? ஆண்டுதோறும் ஏப்ரல் 10-ஆம் தேதி தேசிய நில அளவை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

புதுத் தேசம் கண்டவர்களுக்கு நாள் குறிப்பது பல நாடுகளின் வழக்கம். நம் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, 1492 அக்டோபர் 12-இல் வேறு கரை சேர்ந்த கொலம்பஸுக்கு அமெரிக்கர் விடுமுறையே அளித்திருக்கின்றனர். ஆனால், முன்பே மக்கள் வாழ்ந்த மண்ணை ஒருவர் 'கண்டுபிடித்தார்' என்பது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வி எழுந்ததன் பயனாக, அங்கே பல ஊர்கள் அதே நாளைப் பூர்வகுடிகள் தினமாக மாற்றிக்கொண்டன.

நம் நாளின் கதையைப் பார்ப்போம். 1802 ஏப்ரல் 10-இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் துரை எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் ஏழரை மைல். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அளவை மேற்குக் கடற்கரை வரை சென்றது. நம் தீபகற்பத்தின் அகலம், பழைய படங்கள் காட்டியதைவிட 40 மைல் குறைவென்று அப்போதுதான் தெரிந்தது.

இதில் சாஸ்திர ஆர்வம் இருந்தது. ஆயினும் செலவு செய்த கம்பெனியின் நோக்கம் ஆட்சியே. கல்லாவியைச் சூழ்ந்த பாராமகால் சீமை இதை முன்பே அறியும். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இச்சீமையைப் பெற்றதும், கம்பெனியார் அலெக்ஸாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோவையும் அனுப்பி வயல்களை அளந்து வரி விதித்தனர். அளந்தது அவர்கள், வரி கொடுத்தது நம் முன்னோர்.

அப்படியானால் இந்நாள் நமக்கு எதற்கு? சற்றே பொறுத்து நோக்குவோம். வெயிலில் சங்கிலி இழுத்தவர்களும், அரை டன் எடையுள்ள கருவியை மலைமேல் சுமந்தவர்களும், கொடி பிடித்து நின்றவர்களும் நம்மவர்களே. உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டறிந்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தர். 1865-இல் அச்சிகரம் பெற்றதோ எவரெஸ்ட் துரையின் பெயர். குமாவுன் மலைநாட்டு நயின்சிங் ஜபமாலை மணிகளால் தம் காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்து, 1866-இல் லாசாவை அடைந்தார்.

நல்லவேளையாக, நம் நாள் எந்தத் துரையின் பெயரையும் தாங்கவில்லை. தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, பெயர் எழுதப்படாத உழைப்பாளிகள் யாவருக்கும் அதில் இடமுண்டு. வரும் ஏப்ரல் 10-இல் நம் குழந்தைகளை எல்லைக்கல்லருகே அழைத்துச் சென்று இக்கதையைச் சொல்வோம். துரைமார் பெயரோடு சங்கிலி பிடித்த கைகளையும் அவர்கள் நினைவில் கொள்ளட்டும்.