எத்தனை மூட்டை சிமெண்ட்?

“பசுமை வீடு கட்டப் போறேன் மாமா” என்று வரைபடத்தோடு வந்தான் அக்கா மகன். மொட்டை மாடியில் சோலார், போர்ட்டிகோவுக்குக் கீழே மழைநீர்த் தொட்டி, வாசலில் இரண்டு வேப்பங்கன்று. எல்லாம் வேண்டியவைதான். “மொத்தம் எத்தனை மூட்டை சிமெண்ட் போகும்னு இன்ஜினீயர் சொன்னார்?” என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்தான். டீக்குச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை என்பது மேஸ்திரிகளின் மனக்கணக்கு. மூட்டைக்கு 50 கிலோ என்றால் 20 டன். அரியலூர்ப் பக்கம் தோண்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்தான் இதற்கு மூலம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அன்றைய சிப்பிகள் தங்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரி இன்னும் அந்தக் கல்லில் இருக்கிறது. கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் க்ளிங்கர் என்ற கரும் உருண்டைகள் கிடைக்கும். அவற்றை ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமெண்ட். சுடும்போது, சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை தனி.

“சூளையையும் சோலார்ல ஓட்டினா?” என்றான். நல்ல கேள்வி. அப்போதும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டின் கணக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஆக, நம் கையில் இருப்பவை இரண்டு: க்ளிங்கர் குறைவான சிமெண்டை வாங்குவது, வாங்கியதைக் குறைத்துப் போடுவது.

முதலாவது எளிது. பிபிசி (போர்ட்லாண்ட் பொசொலானா சிமெண்ட்) என்று கடையில் கிடைக்கும் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது உபரியாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உண்டாகும். சாம்பல் அதைப் பிடித்துக்கொண்டு தானும் பசையாக மாறுகிறது, ஆனால் மெதுவாக. இந்த நிதானம்தான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. “பிபிசி பூச்சுக்குத்தான் சார், ஸ்லாபுக்கு 53 கிரேடு ஓபிசி போட்டாத்தான் நிக்கும்” என்று சொல்லாத மேஸ்திரி அபூர்வம். இந்தியத் தர விதிப்படி ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் போட்ட கான்கிரீட்டை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாம்பல் கலந்ததென்றால் பத்து நாள், வெயில் கொளுத்தும் வறண்ட இடத்தில் பதினான்கு. நடப்பது என்ன? ஸ்லாபுக்கு மட்டும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தூணில் சாக்கைச் சுற்றிக் காலையும் மாலையும் நனைக்க ஆள் இருக்காது. மூன்றாம் நாள் சாக்கு காய்ந்து மொரமொரவென்று தொங்கும். பிறகு பழி பிபிசி மேல்.

இன்னொன்று வாளித் தண்ணீர். கலவை கொழகொழவென்று இருந்தால் சட்டியில் அள்ளுவது லேசு, கம்பிக்குள் தானாகவே இறங்கிவிடும் என்று கூடுதலாக ஊற்றுவார்கள். ஊற்றும் ஒவ்வொரு வாளியும் பலத்தைக் குறைக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு மூட்டை கூடப் போடுவார்கள். ஒரு வாளியை நிறுத்தினால் அந்த மூட்டை மிச்சம்.

இனி, குறைத்துப் போடுவது. தட்டில் இருந்த பன்னை எடுத்து, இரண்டு ஓரத்தையும் விரல்களால் தாங்கி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னேன். மேல்பக்கம் நசுங்கியது, அடிப்பக்கம் விரிந்து பிளந்தது. கூரை ஸ்லாபிலும் இதேதான். மேலே அழுத்தம், அதைக் கான்கிரீட் தாங்கும். அடியில் இழுவை, அதைத் தாங்குவது கம்பி. அப்படியானால் அடியில், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கிடக்கும் கான்கிரீட்டுக்கு என்ன வேலை? பெரும்பாலும் பாரமாக இருப்பதுதான்.

லாரி பேக்கர் கை வைத்தது அந்த இடத்தில்தான். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர். கம்பிகளுக்கு நடுவே அவர் பழைய மங்களூர் ஓடுகளை அடுக்கி, அவற்றின் மேல் கான்கிரீட் போட்டார். இதுதான் ஃபில்லர் ஸ்லாப். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓடு வைத்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும், வெயிலும் அவ்வளவாக இறங்காது. சிமெண்ட் மிச்சம், ஸ்லாபின் எடை குறைவதால் கம்பியும் மிச்சம். ஓட்டை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கம்பிகளின் இடைவெளியை இன்ஜினீயர்தான் கணக்குப் போட வேண்டும்; மேஸ்திரியின் கண்ணளவு இங்கே செல்லாது.

வழக்கமான ஸ்லாபே போடுவதானாலும், மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்துவிடு என்றேன். தமிழ்நாட்டில் கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், சுவரைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். பகலில் வாங்கிய சூட்டை ஸ்லாப் ராத்திரியில் திருப்பிக் கொடுக்க, மின்விசிறி அதையே சுழற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில்.

வரைபடத்தைத் திரும்ப விரித்தான். முகப்பில் பெட்டி பெட்டியாக நீட்டிக்கொண்டிருந்தது ‘எலிவேஷன்’. மழைக்கும் ஆகாது, நிழலுக்கும் ஆகாது, முழுக்கக் கான்கிரீட். மாடியில் வருஷத்துக்கு இரண்டு முறை வரும் விருந்தாளிகளுக்காக ஓர் அறை, கூடவே குளியலறை. என்னைக் கேட்டால், எந்தச் சிமெண்ட் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் அடித்துவிடலாம். சொன்னேன்.

“ரூமை விட்டுடலாம் மாமா. எலிவேஷன் இல்லன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

“அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இன்ஜினீயருக்குப் போன் போட்டு, ஃபில்லர் ஸ்லாப் போட்ட அனுபவம் இருக்கான்னு கேளு.”