வாசலில் நிற்கும் வண்டி – 11: வாக்ஸா, சீலன்டா?

எங்கள் அடுக்குமாடியில் காலை ஐந்து மணிக்கே கார் துடைக்க ஒருவர் வருவார். ஒரு பக்கெட், ஒரு துணி, பதினேழு கார். போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் வாசலிலேயே என்னை மடக்கினார்.

“சார், உங்க வண்டில தண்ணி ஊத்துனா நிக்கவே மாட்டேங்குது. முத்து முத்தா உருண்டு ஓடுது. பக்கத்து வண்டில அப்படியே படிஞ்சு கெடக்கு. என்னா சார் போட்டீங்க?”

“சீலன்ட் போட்டிருக்கேண்ணே.”

“வாக்ஸுதானே?”

“இல்லண்ணே. அது வேற, இது வேற.”

“எல்லாம் பாலிஷுதான் சார்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரில் கையால் எதைத் தேய்த்தாலும் நம்மூரில் அதற்குப் பெயர் பாலிஷ்தான். ஆனால் பாலிஷ் என்பது எடுக்கிற வேலை, மற்ற இரண்டும் கொடுக்கிற வேலை. பாலிஷில் கண்ணுக்குத் தெரியாத அரத்தூள் இருக்கிறது. அது பெயின்டின் மேல்தோலைச் சீவிச் சமன்செய்வதால்தான் பளபளப்பு வருகிறது. இன்றைய கார்களில் வண்ணத்தின் மேல் ‘க்ளியர்கோட்’ என்ற நிறமில்லாத அடுக்கு ஒன்று உண்டு. அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. வருஷம் தவறாமல் பாலிஷ் போடுகிறவர்கள் அந்த முடிக்கனத்தைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்பாசடர் காலத்தில் இந்த அடுக்கே கிடையாது. அழுத்தித் துடைத்தால் காரின் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது அதைப் பார்த்துவிட்டு “எவ்வளவு அழுக்கு!” என்று திருப்திப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வாக்ஸும் சீலன்டும் அந்தத் தோலுக்கு நாம் மாட்டிவிடும் மேல்சட்டை. வெயிலோ எச்சமோ உப்புக்காற்றோ, முதல் அடியை அது வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டை கிழிந்தால் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். எந்தத் துணியில் தைத்த சட்டை என்பதில்தான் வித்தியாசம்.

வாக்ஸில் பேர்பெற்றது கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி போன்ற வறண்ட மாநிலங்களில் வளரும் மரம். பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது, இலையும் பனையோலைபோல விசிறியாக விரியும். நமக்குப் பனை மாநில மரம் என்றால் சியாராவுக்கு இதுதான் அடையாள மரம். அந்த ஊர் வெயிலில் உடம்பிலிருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் இருக்க, மரம் தன் ஓலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. மழையில்லாத மாதங்களில் ஓலையை வெட்டி, வெயிலில் காயப்போட்டு, அடித்து உதிர்த்தால் வெளிறிய தூள் கொட்டும். அதை உருக்கி வடித்தால் கார்னூபா. இளங்குருத்து ஓலையிலிருந்து வரும் மஞ்சள் மெழுகுக்குத்தான் விலை அதிகம். இதே மெழுகு மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் மினுக்காகப் பூசப்படுகிறது. நாம் எல்லோருமே கொஞ்சம் கார் வாக்ஸ் தின்றவர்கள்தான்.

இதன்மேல் ஒருவருக்கு எவ்வளவு பித்து இருந்தது என்பதற்கு 1935-இல் நடந்த ஒரு பயணமே சாட்சி. அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் தரைமெழுகு விற்றுக்கொண்டிருந்த ஜான்சன் கம்பெனியின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன், தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் ஏறி, கார்னூபா மரத்தைத் தேடிப் பிரேசிலுக்கே பறந்துபோனார். தன் தொழில் ஒரு மரத்தை நம்பி நிற்கிறதே, அந்த மரம் போதுமான அளவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட அவருக்கு ஆசை. அவர் மகன் சாம், 1998-இல் அதேபோன்ற விமானத்தில் அப்பா போன வழியிலேயே போய்வந்தார்.

கார்னூபா தனியாகக் கருங்கல் மாதிரி கெட்டி. உருக வேண்டுமானால் 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதை அப்படியே காரில் தேய்க்க முடியாது. தேன்மெழுகு, எண்ணெய், கரைப்பான் எல்லாம் சேர்த்துக் குழைத்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஆகவே டப்பாமேல் ‘100% கார்னூபா’ என்று இருந்தால், அதிலுள்ள மெழுகு முழுவதும் கார்னூபா என்றுதான் அர்த்தம், டப்பா முழுவதும் கார்னூபா என்றில்லை. குழைத்த கலவைக்குக் கல்லின் உறுதி இருக்காது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கருப்புக் காரின் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

சீலன்டுக்கு இப்படிக் கதை ஏதும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த பாலிமர். பெரும்பாலும் சிலிக்கான் வகை. அதன் மூலக்கூறுகளில் பெயின்டைக் கவ்விக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. வாக்ஸ் பெயின்டின்மேல் படுத்திருக்கிறது, சீலன்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அது பூசியவுடன் வேலை முடிவதில்லை. ரகத்தைப் பொறுத்துப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஈரம் படாமல் இறுக வேண்டும்.

படித்ததை மட்டும் நம்புவானேன் என்று என் பழைய காரிலேயே ஒரு பரீட்சை வைத்தேன். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில், திறந்தவெளியில் நிற்கும் சிவப்பு வண்டி. ஏப்ரல் முதல் ஞாயிறு, பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி இடதுபக்கம் கார்னூபா வாக்ஸ், வலதுபக்கம் சீலன்ட். முதல் வாரம் இடதுபக்கம்தான் ஜெயித்தது. அந்தச் சிவப்பில் ஒரு ஆழம் வந்திருந்தது, நெய் தடவிய மாதுளைபோல. வலதுபக்கமும் பளபளத்தது, ஆனால் அது கண்ணாடிப் பளபளப்பு. அழகு உண்டு, ஈரம் இல்லை. ஐந்தாவது வாரம் தண்ணீர் ஊற்றியபோது இடதுபக்கம் முத்துகள் காணாமல் போய்த் தண்ணீர் பாய்போல் படுத்துவிட்டது. வலதுபக்கம் ஆகஸ்ட் பிறந்த பிறகும் உருட்டிக்கொண்டுதான் இருந்தது. இது ஒரு வண்டி, ஒரு கோடைக்காலம், அவ்வளவுதான். ஆனால் கொட்டகைக்குள் நிற்காத வண்டிக்கு எது என்ற கேள்வி என்னளவில் அன்றோடு தீர்ந்தது.

முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. அது பூச்சு உயிரோடு இருக்கிறது என்பதற்கான அடையாளம். அதே சமயம் போர் தண்ணீரில் கழுவுகிற ஊரில் அதுவே ஒரு வம்பு. ஒவ்வொரு முத்துக்குள்ளும் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. வெயிலில் தண்ணீர் போய், உப்பு வட்டமாகத் தங்கும். இரண்டு மூன்று வாரம் கவனிக்காவிட்டால் அந்த வட்டம் க்ளியர்கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். வாக்ஸ் போட்டவரும் சீலன்ட் போட்டவரும் கழுவியவுடன் துடைத்தாக வேண்டும். பூச்சு போட்டாயிற்று, இனித் துடைக்க வேண்டாம் என்று நினைப்பவர் பூசாமலே இருப்பது நல்லது.

காக்கை எச்சத்துக்கும் இதே கதைதான். சூட்டில் பெயின்ட் லேசாக இளகி விரிகிறது. எச்சம் அதன்மேல் காய்ந்து கெட்டியாகிறது. சாயங்காலம் பெயின்ட் சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது. எந்தப் பூச்சும் இதை முழுக்கத் தடுக்காது, கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும். டிக்கியில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் எச்சத்தில் இருக்கும் மணல் கோடு போடும்.

புதுக் கார் எடுக்கும்போது ஆக்ஸசரீஸ் பட்டியலில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று ஒன்றை நீட்டுவார்கள். என்னிடமும் ஒரு முறை நீட்டினார்கள், நானும் பணம் கட்டினேன். தோசைக்கல்லில் ஒட்டுகிற டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும். கல்லில் அதை ஒட்டவைக்க அதற்கும் மேல் சூடேற்றுகிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயின்ட் மட்டுமல்ல, காரே மிஞ்சாது. அந்தப் பெயரில் நமக்குப் போடுவது பெரும்பாலும் ஒரு சாதாரண சீலன்ட்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்களே போட்டுக்கொள்ளக்கூடியது.

போடுகிற முறையில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சீலன்டுக்கு வெற்றுப் பெயின்ட் வேண்டும். பழைய வாக்ஸோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் கொக்கி மாட்ட இடமிருக்காது. போன வாரம் சொன்னபடி கழுவி, களிமண் கட்டியால் தடவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். நிழல் வேண்டும், பானெட் ஆறியிருக்க வேண்டும். வாக்ஸ் இவ்வளவு கறார் பண்ணாது. ஆனால் பம்பரின் கருப்பு பிளாஸ்டிக்கில் பட்டுவிட்டால் வெள்ளைத் தழும்பாக நின்று மானத்தை வாங்கும். டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் மெல்லியதாகப் பூச வேண்டும். தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது வீண், துடைத்தெடுக்கும்போது தோள்பட்டைதான் வலிக்கும். பட்டறையில் டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் என்றால், ஓரிரண்டு மாதம் இரண்டுமே வேண்டாம். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழி விடுங்கள்.

வாக்ஸை நான் கைவிட்டுவிடவில்லை. சீலன்ட் இறுகிய மறுநாள் அதன்மேல் வாக்ஸ் பூசலாம். சட்டைமேல் அங்கவஸ்திரம்போல. தலைகீழாகச் செய்தால் நிற்காது. வண்டி நிழலில் நிற்கிறது, நிறம் கருப்போ சிவப்போ, மாதம் ஒரு ஞாயிறு துணியும் டப்பாவுமாக அதோடு உட்கார உங்களுக்குப் பிடிக்கும் என்றால் வாக்ஸ் மட்டுமே போதும். வெள்ளை வண்டிக்காரர்களுக்கு அந்த ஆழம் கண்ணில் அவ்வளவாகப் படாது. அவர்கள் சீலன்ட் போட்டுவிட்டு ஞாயிறு தூங்கலாம். செராமிக் கோட்டிங் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு, அது தனி அத்தியாயம், தனி பட்ஜெட்.

புதன்கிழமை காலையில் கார் துடைப்பவர் மறுபடி வந்தார்.

“சார், நம்ம எக்ஸெல் டேங்குக்குப் போடலாமா அது?”

பரீட்சைக்கு வாங்கிய வாக்ஸ் டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. கூடவே ஒரு மைக்ரோஃபைபர் துணியையும் கொடுத்தேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத எதுக்கு சார்? நம்ம துணி இருக்கே.”

“உங்க துணில பதினேழு வண்டி மண்ணு இருக்குண்ணே.”

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே, நிழலில் ஸ்டாண்டு போட்டு, டேங்கைப் புதுத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். பதினேழு காரும் பழைய துணிக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

(அடுத்த வாரம்: முகப்பு விளக்கு ஏன் மஞ்சளாகிறது?)