பழைய பவர் ஹாக்சா வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கொட்டகைக்கு ஆங்கிள் வெட்டவும், கலப்பைக்கு அச்சு வெட்டவும் ஒவ்வொரு முறையும் டவுன் பட்டறைக்கு அலைவது விவசாயிகளுக்குப் பெருந் தொல்லை. ஆகவே தோட்டத்தில் சிறு பட்டறை வைத்திருப்போர் சிலர் பழைய பவர் ஹாக்சா ஒன்றை வாங்கிப் போட விரும்புகின்றனர். லேத் பட்டறைகள் பேண்ட் சா இயந்திரத்துக்கு மாறும்போது இவை விலைக்கு வருகின்றன. ஆண்டுக்குப் பத்துத் துண்டு வெட்டுபவருக்கு இது வீண் செலவு. வேலை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

புதுப் பெயிண்டைக் கண்டு மயங்கக் கூடாது. உடலும் வில்லும் வார்ப்பிரும்பு. கீறல் விட்டால் சரியாக ஒட்டுவது கடினம். எனக்குத் தெரிந்த ஒருவர் பளபளப்பான இயந்திரத்தை வாங்கி வந்தார். இரண்டாம் மாதம் வில்லின் கழுத்து முறிந்தபோதுதான், பெயிண்டுக்கு அடியில் பழைய வெல்டிங் இருந்தது தெரிந்தது. போட்ட பணம் இரும்பு விலைக்குத்தான் திரும்பியது. எனவே மூலைகளைச் சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டாம்.

ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. புது பிளேடு ஒன்றும், 2 அங்குல மைல்டு ஸ்டீல் கம்பித் துண்டு ஒன்றும் கையோடு கொண்டு செல்வது நல்லது. பிளேடு ஒரு வீச்சில்தான் வெட்டும். திரும்பும் வீச்சில் சற்றே மேலெழ வேண்டும். எழாமல் உரசினால் பற்கள் விரைவில் மழுங்கிவிடும்.

கால் அங்குலக் கனத்தில் ஒரு வில்லையை வெட்டி, சுற்றிலும் காலிப்பரால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிவு என்றிருந்தால், முதலில் பிளேடின் இறுக்கத்தையும் வைஸ் தாடையையும் சரிசெய்து மறுபடி வெட்டிப் பார்க்கலாம். அப்போதும் கோணினால் வில் ஓடும் தடம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். தடத்தின் திருகுகளை முடுக்கியும் ஆட்டம் நிற்காவிட்டால் அந்த இயந்திரம் வேண்டாம். புஷ் தேய்ந்து 'டக் டக்' என்று சப்தம் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. லேத்தில் புது புஷ் கடைந்து போடலாம். அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம்!

மோட்டார் பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டாராக இருக்கும். பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பில் பட்டறை ஓட்டுவது முறையன்று, அபராதத்துக்கு இடமுண்டு. வீட்டு ஒற்றை பேஸ் இணைப்பில் ஓட்டுவதானால் மோட்டார் மாற்றும் செலவையும் விலையோடு கணக்கிட வேண்டும். புது மோட்டாரின் சுற்று வேகம் பழையதன் அளவே இருக்க வேண்டும். பெல்ட்டுக்குக் கட்டாயம் மூடி தேவை. வேட்டி, துண்டு சிக்கினால் ஆபத்து.

எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இரும்பின் மேல் பட வேண்டும். கனத்த கம்பிக்கு அங்குலத்துக்கு 6 அல்லது 10 பல் பிளேடு ஏற்றது. மெல்லிய குழாயைக் கை ஹாக்சாவில் 24 பல் பிளேடால் அறுப்பதே மேல். லாரி பட்டையை இதில் வைக்கவே கூடாது, பல் போய்விடும். பாதி வெட்டில் பிளேடு ஒடிந்தால், புது பிளேடைப் பழைய வெட்டில் இறக்கினால் சிக்கி அதுவும் ஒடியும். கம்பியைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும்.